காற்றின் சராசரியும் மூச்சின் சாதியும்: நாஞ்சில் நாட்டுச் சாலைகளை முன்வைத்து

கன்னியாகுமரி மாவட்டத்தில் காற்று மாசு ஒரு சிக்கலாகப் பேசப்படுவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. மேற்கிலும் தெற்கிலும் கடல். வடகிழக்கில் ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் மண் இது. கணவாய் வழியே வீசும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகள் எழுந்தன. மழை தூசியைக் கழுவுகிறது. காற்று புகையைக் கலைக்கிறது. தில்லியையும் கான்பூரையும் அறிந்தவர் நாகர்கோவிலுக்கு வந்தால், இங்கே மாசு எங்கே இருக்கிறது என்றே கேட்பார்.

அந்தக் கேள்வியையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஒரு மாவட்டத்தின் காற்று சராசரியாக நன்றாக இருப்பது, அங்கு வாழும் ஒவ்வொருவரும் நல்ல காற்றைச் சுவாசிக்கிறார் என்பதற்குச் சான்றாகாது. சராசரியை எந்த மனிதரும் சுவாசிப்பதில்லை. தாம் நிற்கும் சாலையின் காற்றையும், தம் வீட்டு அடுப்பின் காற்றையும், தாம் கூலி பெறும் ஆலையின் காற்றையுமே ஒவ்வொருவரும் சுவாசிக்கின்றனர். எந்தச் சாலை, எந்த அடுப்பு, எந்த ஆலை என்பதைச் சாதி பெருமளவு தீர்மானிக்கும் நாட்டில், காற்று மாசு சூழலியல் சிக்கலாக மட்டும் நின்றுவிடாது. அது சமூகநீதிச் சிக்கலும் ஆகும்.

சாலை யாருடையது?

இப்பகுதி 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழ்நாட்டுடன் இணைந்தது. அதற்கு முன் அது திருவிதாங்கூர் ஆட்சியின்கீழ் இருந்தது. அங்கே சாலை என்பது எல்லோருக்கும் பொதுவான இடமாக இருக்கவில்லை. 1893இல் வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி, புலையருக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்லுவண்டி ஓட்டிச் சென்றார். 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1926இல் நாஞ்சில் நாட்டின் சுசீந்திரத்தில், தாணுமாலயன் கோயிலைச் சுற்றிய தெருக்களைத் திறக்கக் கோரிப் போராட்டம் எழுந்தது. நாகர்கோவில் மருத்துவர் எம். இ. நாயுடு முன்னின்ற அப்போராட்டம் 1930இல் மீண்டும் நடந்தது. 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியாயிற்று.

1927இல் மகாத் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீருக்கான உரிமையை நிலைநாட்டினார். திருவிதாங்கூரில் நடந்தவை சாலைக்கான போராட்டங்கள். இவ்விரண்டு மரபுகளும் அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவில் ஒன்று சேர்கின்றன. கிணறுகள், குளங்கள், படித்துறைகள் ஆகியவற்றோடு சாலைகளையும் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் எவருக்கும் தடை கூடாது என்கிறது அப்பிரிவு.

அன்று சாலை மறுக்கப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணம் தீட்டு. ஆங்கிலத்தில் தீட்டையும் மாசையும் ஒரே சொல்லால் குறிப்பர். மாசுபடுத்துவோர் என்று பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வழிவந்தோர், இன்று மெய்யான மாசை அதிகம் சுமக்கிறார்கள். சாலையைக் கூட்டுபவராகவும், சாலையோரத்தில் விற்பவராகவும், சாலையை ஒட்டிய குறுகிய நிலத்தில் குடியிருப்பவராகவும் அவர்கள் இப்போது சாலையில் இருக்கிறார்கள். சாலை உரிமை வென்றெடுக்கப்பட்டது. அச்சாலையில் மூச்சு விடும் உரிமை இன்னும் எஞ்சியிருக்கிறது.

மாசு என்பது எது?

காற்று மாசில் முதலில் அறிய வேண்டியவை நுண்துகள்கள். 10 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட விட்டம் கொண்டவை பி.எம். 10 எனவும், 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்டவை பி.எம். 2.5 எனவும் அழைக்கப்படுகின்றன. பின்னது தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. சாலைப் புழுதி, கல் தூசி, கட்டுமானத் தூசி ஆகியவற்றில் பெரிய துகள்கள் மிகுதி. டீசல் புகை, விறகுப் புகை, குப்பைப் புகை ஆகியவற்றில் நுண்ணியவை மிகுதி. பெரியவை மூக்கிலும் தொண்டையிலும் ஓரளவு தடுக்கப்படும். நுண்ணியவை நுரையீரலின் காற்றறைகள் வரை செல்லும்; அவற்றுள் மிக நுண்ணியவை குருதியிலும் கலக்கும். அதனால்தான் காற்று மாசு இருமலோடு நிற்காமல் மாரடைப்பு, பக்கவாதம், குறைப்பிரசவம் வரை நீள்கிறது.

இந்தியாவின் 2009ஆம் ஆண்டுத் தேசியக் காற்றுத் தர அளவுகளின்படி, பி.எம். 2.5 ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமையும், பி.எம். 10 அதே முறையில் 60 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வகுத்த வரம்புகள் முறையே 5, 15. ஒரு நகரம் இந்திய வரம்புக்குள் நின்றுகொண்டே உலக வரம்பைப் போல் எட்டு மடங்கு மாசை வைத்திருக்க முடியும். ஆகவே 'வரம்புக்கு உட்பட்டது' என்ற அரசு வாக்கியத்தைப் படிக்கும்போது, எந்த வரம்பு என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

வாகனப் புகையில் நைட்ரஜன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, கரும்புகைத் துகள், பென்சீன் போன்றவை உள்ளன. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்தது. மறு ஆண்டு வெளிப்புறக் காற்று மாசு முழுவதையும் அதே பட்டியலில் சேர்த்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் புதிய வாகனங்களுக்குப் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஆனால் அதற்கு முன் விற்கப்பட்ட லாரிகளும் பேருந்துகளும் சாலையில்தான் உள்ளன. பிரேக்கும் டயரும் தேய்வதால் எழும் துகளையும், சக்கரம் கிளப்பும் புழுதியையும் எஞ்சின் விதிகளால் குறைக்க முடியாது.

வாகன மாசுக்கு ஓர் இயல்பு உண்டு. அது சாலையிலிருந்து விலக விலக வேகமாகக் குறையும். பெருஞ்சாலையின் இருபுறமும் 300 முதல் 500 மீட்டர் வரையுள்ள பகுதியே அதன் பாதிப்பை மிகுதியாகப் பெறுகிறது என்று அமெரிக்காவின் நலவாழ்வு விளைவுகள் ஆய்வு நிறுவனம் 2010இல் தொகுத்துரைத்தது. ஒரே ஊரில், ஒரே நாளில், சாலையோரம் இருப்பவரும் ஒரு கிலோமீட்டர் உள்ளே இருப்பவரும் வெவ்வேறு காற்றைச் சுவாசிக்கின்றனர் என்பதே இதன் பொருள்.

வடசேரி முதல் களியக்காவிளை வரை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் 18,70,374 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் 82 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் நகர்ப்புறத்தினர். சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்தைத் தாண்டிய மக்கள் நெருக்கம். நாகர்கோவில் 2019இல் மாநகராட்சியாயிற்று. ஆனால் இம்மாவட்டத்தின் நகர்மயம் ஒரு நகரில் குவிந்ததன்று. நாகர்கோவிலிலிருந்து சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை வழியாகக் களியக்காவிளை வரை தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி ஊரும் கடையும் வீடும் தொடர்ந்து செல்கின்றன. சாலையே ஊராகவும் ஊரே சாலையாகவும் உள்ளது. நெடுஞ்சாலை ஓரத்தின் அரைக் கிலோமீட்டருக்குள் வாழ்வது இங்கே விதிவிலக்கன்று. பல்லாயிரம் பேரின் நிலை.

வடசேரிப் பேருந்து நிலையம், வேப்பமூடு, கோட்டாறுச் சந்தை, செட்டிகுளம் போன்ற இடங்களில் வாகனங்கள் நின்று நின்று நகர்கின்றன. நின்ற நிலையில் ஓடும் எஞ்சின் ஓர் அடி நகராமலே புகையை மட்டும் தருகிறது. இருபுறமும் கட்டடங்கள் நெருங்கிய குறுகிய தெருவில் அப்புகை மேலெழும்பிக் கலைய வழியில்லை. கடற்காற்று ஊரின் மேலே வீசினாலும் தெருவின் அடியில் பழைய காற்றே சுழன்றுகொண்டிருக்கும். மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் கட்டப்பட்ட மேம்பாலங்கள் கடந்து செல்லும் வாகனங்களுக்கு வேகத்தைத் தந்தன. பாலத்தின் அடியிலுள்ள சாலையிலோ நடப்பவரும் விற்பவரும் பேருந்துக்குக் காத்திருப்பவரும் தொடர்ந்து நிற்கின்றனர். அவர்களின் தலைக்கு மேல் ஒரு கூரை வந்திருக்கிறது. புகை வெளியேறும் வழி அந்த அளவுக்குச் சுருங்கியிருக்கிறது.

அடுத்து, லாரிகள். பாறை, ஜல்லி, எம்-சாண்ட் ஆகியவற்றை ஏற்றிய கனரக வாகனங்கள் இம்மாவட்டச் சாலைகள் வழியே கேரளம் செல்வது நெடுங்காலமாகப் பேசப்பட்டு வரும் சிக்கல். விபத்தும் மலை அழிவும் அதில் விவாதிக்கப்பட்ட அளவுக்குக் காற்று விவாதிக்கப்படவில்லை. மூடாத லாரியிலிருந்து விழும் கல் தூசி, அடுத்து வரும் ஒவ்வொரு சக்கரத்தாலும் மீண்டும் மீண்டும் எழும்புகிறது. பாரம் மிகுந்த லாரி மேடேறும்போது புகையும் மிகும். இப்பாறைகளில் ஒரு பங்கு 2015 டிசம்பரில் பணி தொடங்கிய விழிஞ்சம் துறைமுகத்துக்குச் சென்றது. அய்யன்காளி வில்லுவண்டி ஓட்டிய வெங்ஙானூர், அத்துறைமுகத்தை ஒட்டிய ஊர் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளலாம்.

குப்பைப் புகை

நாகர்கோவில் நகரின் குப்பை பல்லாண்டுகளாக வலம்புரிவிளைக் கிடங்கில் கொட்டப்பட்டு வந்தது. அங்கே பலமுறை தீப்பற்றிப் புகை சுற்றுப்புறக் குடியிருப்புகளைச் சூழ்ந்ததை மாவட்ட மக்கள் அறிவர். குப்பைமேடு பற்றி எரிவது தற்செயல் நிகழ்வன்று. மட்கும் குப்பையும் பிளாஸ்டிக்கும் பிரிக்கப்படாமல் குவியும்போது, காற்றுப் புகாத அடிப்பகுதியில் மீத்தேன் உருவாகிறது. கோடையில் ஒரு பொறி போதும். மேலே அணைந்த பின்னும் உள்ளே நாட்கணக்கில் கனலும். குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் போன்ற நச்சுகள் வெளிவருகின்றன.

2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடியிலும், 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்திலும் இதுவே நடந்தது. பிரம்மபுரத் தீ ஏறத்தாழ பன்னிரண்டு நாள் எரிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதை 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடை செய்தன. அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பாயம், சாதாரண எரிப்புக்கு 5,000 ரூபாயும் பெருமளவு எரிப்புக்கு 25,000 ரூபாயும் தண்டம் என்று ஆணையிட்டது.

ஆனால் தெருமுனையில் எரியும் சிறு குவியலுக்குப் பின்னால் யார் இருக்கிறார்? கூட்டிய சருகையும் குப்பையையும் ஏற்றிச் செல்ல வண்டி வராதபோது, இடத்தைக் காலி செய்ய வேண்டிய பொறுப்பு தூய்மைப் பணியாளரின் தலையில் விழுகிறது. தீ வைப்பது அவர் கை. வைக்கச் செய்வது வண்டியும் ஆளும் போதாத நிர்வாகம். முதல் புகையைச் சுவாசிப்பவரும் அவரே, முதலில் குற்றம் சாட்டப்படுபவரும் அவரே. தமிழகம் எங்கும் இப்பணியில் அருந்ததியர் உள்ளிட்ட தலித் மக்களே பெரும்பான்மையாக நிறுத்தப்பட்டிருக்கின்றனர். கழிவுநீர், கழிவுத்தொட்டிப் பணியாளர் குறித்து 2024இல் வெளியான ஒன்றிய அரசின் தரவின்படி, பல மாநிலங்களில் பதிவான சுமார் 38,000 பேரில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். தெருக்கூட்டுவோருக்கு இத்தகைய சாதிவாரிக் கணக்கு வேண்டும் என்பதும் நம் கோரிக்கைகளுள் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுப்பு, ஆலை, சூளை

அன்றாட மாசு சாலையோடு முடிவதில்லை. ரப்பர் விறகும் தென்னை ஓலையும் மட்டையும் எளிதில் கிடைக்கும் மாவட்டம் இது. எரிவாயு இணைப்பு இருந்தும் உருளையை மீண்டும் நிரப்பப் பணம் இல்லாத வீடுகள் விறகுக்குத் திரும்புகின்றன. ஓர் அறை வீட்டில் அடுப்பும் தொட்டிலும் ஒரே காற்றைப் பகிர்கின்றன. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் இணைப்புகளை எண்ணியது. நிரப்பிய உருளைகளையே நாம் எண்ண வேண்டும்.

மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் முந்திரி ஆலைகள் மிகுதி. வறுக்கும்போது எழும் புகையில் முந்திரித் தோட்டின் காரமான எண்ணெய் கலந்திருக்கும். கண்ணையும் தொண்டையையும் அது எரிக்கும். அருகிலுள்ள கொல்லத்து முந்திரித் தொழிலை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் அன்னா லிண்ட்பெர்க், தோடு உடைக்கும் கடினமான, கையைப் புண்ணாக்கும் வேலை புலையர், குறவர் பெண்களிடமும், தரம் பிரிக்கும் தூய்மையான வேலை மேல்சாதிப் பெண்களிடமும் இருந்ததைப் பதிவு செய்தார். ஒரே ஆலையின் கூரைக்கடியில் சாதி வேலையைப் பிரித்தது. வேலை காற்றைப் பிரித்தது.

மலையோரப் பகுதிகளின் ரப்பர் புகைக்கூடங்களில் பால் ஷீட்டுகள் பல நாட்கள் புகையில் உலர்த்தப்படுகின்றன. தோவாளைப் பகுதியில் செங்கல் சூளைகள் உள்ளன. சூளையில் மண் பிசைபவரும் கல் அடுக்குபவரும் அங்கேயே தங்கி, அங்கேயே சமைத்து, அங்கேயே குழந்தைகளை வளர்க்கின்றனர். நகரின் சராசரிக் கணக்கில் இவர்களின் காற்று இடம்பெறுவதே இல்லை.

யார் எவ்வளவு சுவாசிக்கிறார்?

ஒருவர் உடலில் சேரும் மாசின் அளவை மூன்று காரணிகள் முடிவு செய்கின்றன: காற்றில் உள்ள செறிவு, அக்காற்றில் இருக்கும் நேரம், சுவாசிக்கும் வேகம். ஓய்வில் இருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். உழைக்கும்போது அது பன்மடங்காகிறது; கடுமையான உழைப்பில் 40 லிட்டரையும் தாண்டும்.

கணக்கை விளக்குவதற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். சாலையிலிருந்து தள்ளிய வீட்டில் ஓய்வாக இருப்பவரின் காற்றில் கனமீட்டருக்கு 25 மைக்ரோகிராம் பி.எம். 2.5 உள்ளது, அவர் நிமிடத்துக்கு 8 லிட்டர் சுவாசிக்கிறார். ஒரு மணி நேரத்தில் அவர் உள்ளிழுப்பது 12 மைக்ரோகிராம். சாலையோரம் கூட்டுபவரின் காற்றில் 75 மைக்ரோகிராம். அவர் நிமிடத்துக்கு 30 லிட்டர் சுவாசிக்கிறார். அவர் உள்ளிழுப்பது 135 மைக்ரோகிராம். காற்றில் மாசு மூன்று மடங்குதான். உடலுக்குள் செல்வதோ பதினொரு மடங்கு. செறிவை மட்டும் அளக்கும் கருவிக்கு உழைப்பின் மூச்சு தெரியாது.

நேரமும் இதில் சேர்கிறது. இரவில் நிலம் குளிர்வதால் தரையை ஒட்டிய காற்று மேலெழாமல் தங்கும். புகையும் தூசியும் கீழேயே தேங்கும். வெயில் ஏறிக் கடற்காற்று தொடங்கும் வரை இந்நிலை நீடிக்கும். தெருக்கள் கூட்டப்படுவது அந்த விடியற்காலையில்தான். உலர்ந்த துடைப்பம் கிளப்பும் தூசி, கூட்டுபவரின் முகத்தின் உயரத்தில் நிற்கிறது. நகரம் கண்விழித்துத் தூய தெருவில் நடக்கும்போது அத்தூசியின் ஒரு பங்கு அவர் நுரையீரலில் இருக்கிறது.

இந்திய மாவட்டங்களை ஒப்பிட்டு ஜெயஜித் சக்ரவர்த்தி, பிரத்யுஷா பாசு ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வு, பட்டியல் சாதியினரின் விகிதம் கூடிய பகுதிகளில் பி.எம். 2.5 அளவும் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. இத்தகைய ஆய்வுகள் முதன்மையானவை. ஆயினும் கன்னியாகுமரி போன்ற மாவட்டத்தில் அம்முறை போதாது. 2011 கணக்கின்படி இங்கே பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 4 விழுக்காடுதான். மாவட்ட அளவில் ஒப்பிட்டால், தலித் மக்கள் குறைவு, காற்றும் நன்று, ஆகவே சிக்கல் இல்லை என்ற முடிவே கிடைக்கும்.

அந்த 4 விழுக்காடும் முழு உண்மையன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயிலாடியில் சீர்திருத்தத் திருச்சபைக்கு வித்திட்ட மகாராசன் வேதமாணிக்கம், சாம்பவர் சமூகத்தவர். அவ்வழியில் கிறித்தவம் தழுவிய தலித் மக்களின் வழித்தோன்றல்கள் இம்மாவட்டத்தில் பெருமளவு வாழ்கின்றனர். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவர்கள் பட்டியல் சாதியினராகக் கணக்கிடப்படுவதில்லை. மதம் மாறியதால் அவர்களின் தெருவோ தொழிலோ தானே மாறிவிடவில்லை. சாதியின் சுமை இருக்கும் இடத்தில் சாதியின் கணக்கு இல்லை. காற்றின் சராசரியில் ஒருமுறையும், மக்களின் கணக்கில் மறுமுறையும் அவர்கள் மறைக்கப்படுகிறார்கள்.

அளவீடும் நிதியும்

2019 ஜனவரியில் ஒன்றிய அரசு தேசியத் தூய காற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. அது நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களை உள்ளடக்கியது. தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சிராப்பள்ளி, தூத்துக்குடி ஆகியவை அதில் உள்ளன, நாகர்கோவில் இல்லை. பதினைந்தாவது நிதிக்குழு காற்றுத் தரத்துக்கென ஒதுக்கிய மானியம் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகர்ப்பகுதிகளுக்கே உரியது. அளவில் சிறிய, சராசரியில் தூய நகரங்களுக்குத் திட்டமும் இல்லை, நிதியும் இல்லை.

நகரத்தின் பொதுவான காற்றை அறிய நிறுவப்படும் கருவி, புகைமூலங்களிலிருந்து விலகிய இடத்தில், தரையிலிருந்து உயரத்தில் வைக்கப்படுவது வழக்கம். அதன் நோக்கத்துக்கு அது சரியே. ஆனால் அக்கருவி சொல்வது நகரத்தின் பின்னணிக் காற்றைப் பற்றித்தான். பாலத்தடியில் பழம் விற்பவரின் காற்று அதில் பதிவதில்லை. பதிவாகாத துன்பத்துக்கு நிவாரணம் கேட்க முடியாது.

இவ்வுண்மையை உலகின் வேறு மக்களும் போராடியே நிறுவினர். 1982இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் வாரன் மாவட்டத்தில், கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் நச்சுக்கழிவைப் புதைப்பதை எதிர்த்து மக்கள் சாலையில் படுத்தனர். சூழல் நீதி இயக்கம் அதிலிருந்து வலுப்பெற்றது. நச்சுக்கழிவுக் கிடங்குகள் அமையும் இடத்தை இனமே முதன்மையாகத் தீர்மானிக்கிறது என்பதை 1987இல் ஒரு திருச்சபை அமைப்பின் ஆய்வு புள்ளிவிவரங்களோடு காட்டியது. இலண்டனில் நெரிசலான தெற்குச் சுற்றுச்சாலையின் அருகே வாழ்ந்த எல்லா கிஸ்ஸி டெப்ரா என்ற ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். தாய் தொடர்ந்து போராடியதால் மறுவிசாரணை நடந்தது. அச்சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. அவள் வீட்டருகே அளவீடுகள் எடுக்கப்பட்டிருந்ததாலேயே அதை நிறுவ முடிந்தது.

சட்டத்தில் நமக்கு என்ன உண்டு?

1981ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆலைகளைச் சோதிக்கவும் மாசை அளக்கவும் கட்டுப்படுத்தவும் அதிகாரம் தருகிறது. 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசற்ற நீரும் காற்றும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்றது. அந்த 21ஐ, சாலைகளைச் சொல்லும் 15(2)உடன் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

மேலும் ஒரு சட்டம் உண்டு. 2015இல் திருத்தப்பட்ட பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், இம்மக்களை இழிவுபடுத்தும் அல்லது துன்புறுத்தும் நோக்கோடு அவர்கள் வாழும் பகுதியில் கழிவையோ அருவருக்கத்தக்க பொருளையோ கொட்டுவதைக் குற்றமாக்குகிறது. நோக்கத்தை நிறுவ வேண்டும் என்பதால், ஒவ்வொரு குப்பைக்கிடங்கையும் இப்பிரிவின்கீழ் கொண்டுவர முடியாது. ஆனால் தலித் குடியிருப்பின் வாசல் தொடர்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பின்னும் அங்கேயே கொட்டி எரிக்கப்படுமானால் இப்பிரிவை எழுப்ப இடமுண்டு. ஒவ்வொரு முறையும் நாள், நேரம், ஒளிப்படம், மனு எண் ஆகியவற்றைப் பதிவு செய்து வைப்பது இங்குதான் பயன்படும்.

கேட்க வேண்டியவை

1. காற்றின் தரத்தை வடசேரி, கோட்டாறு, மார்த்தாண்டம் பாலத்தடி, களியக்காவிளை ஆகிய சாலையோரங்களிலும், குப்பைக்கிடங்கின் சுற்றிலும், நெடுஞ்சாலையை ஒட்டிய தலித் குடியிருப்புகளிலும் மனிதர் சுவாசிக்கும் உயரத்தில் அளந்து வெளியிட வேண்டும்.

2. தூய்மைப் பணியாளருக்குத் தரமான முகக்கவசம், தூசி எழாமல் ஈரப்படுத்திக் கூட்டும் முறை, ஆண்டுதோறும் நுரையீரல் செயல்திறன் சோதனை ஆகியவை வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அச்சோதனையை நடத்தலாம். ஒப்பந்தப் பணியாளருக்கும் இது பொருந்த வேண்டும்.

3. குப்பை எரிந்தால் பொறுப்பு உள்ளாட்சி நிர்வாகத்துடையது. தண்டத்தைத் தூய்மைப் பணியாளரின் கூலியில் பிடிக்கக் கூடாது.

4. கல், மணல் லாரிகள் தார்ப்பாய் மூடியே செல்ல வேண்டும். பாரமும் வழியும் நேரமும் முறைப்படுத்தப்பட வேண்டும். புறவழிச்சாலை போடும்போது அது யார் வாசலில் போகிறது என்ற கணக்கு திட்டத்திலேயே இடம்பெற வேண்டும்.

5. 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமற்ற சாதாரண நகரப் பேருந்துகள், காற்றைக் காக்கும் திட்டமும் ஆகும். அவற்றைக் குறைக்காமல் கூட்ட வேண்டும். பழைய டீசல் பேருந்துகளை மாற்ற வேண்டும்.

6. பட்டியல் சாதி, பழங்குடி மேம்பாட்டுக்கென 2024இல் தமிழ்நாடு இயற்றிய செயல்திட்டச் சட்டத்தின்கீழ் வரும் நிதியில், சமையல் எரிவாயு நிரப்பும் செலவுக்கும் புகைபோக்கியுள்ள சமையலறைகளுக்கும் பங்கு கேட்க வேண்டும்.

7. நலவாழ்வு, தொழில், குடியிருப்பு பற்றிய ஆய்வுகளில் தலித் கிறித்தவரையும் சேர்த்துச் சாதிவாரியாகக் கணக்கெடுக்க வேண்டும்.

அரசு அளக்கும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கல்லூரி மாணவர்கள் ஒரு சந்திப்பில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கனரக வாகனங்கள் செல்கின்றன என்று எண்ணலாம். குறைந்த விலைத் துகள் உணரியை விடியற்காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை வைத்துப் பார்க்கலாம். அதன் எண்கள் நீதிமன்றத்தில் நிற்கும் துல்லியம் உடையன அல்ல. ஆயினும் எந்த இடம், எந்த வேளை மோசம் என்பதை ஒப்பிட்டுக் காட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் அளவீட்டு இடங்களின் பட்டியலையும், மாநகராட்சியிடம் முகக்கவசம் வாங்கிய கணக்கையும் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டுபவரிடமும் தோடு உடைப்பவரிடமும் அவர்தம் மூச்சைப் பற்றிக் கேட்டு எழுதலாம்.

நூறாண்டுகளுக்கு முன் சுசீந்திரத்தில் கேட்கப்பட்டது சில நூறு அடித் தெருவில் நடக்கும் உரிமை. அத்தெரு எல்லோருக்கும் பொதுவானது என்று சொல்லிவிட்டால் போதும் என்று அன்று எவரும் எண்ணவில்லை. அதில் நடந்து காட்டினார்கள். காற்று எல்லோருக்கும் பொது என்று இன்று சொல்லப்படுகிறது. அது உண்மையா என்பதை அளந்து காட்ட வேண்டிய பொறுப்பு நம்முடையது.